எட்டாயிரத்தில் ஒன்று

சேந்தமேட்டுச் சந்தைத் திடலில் தணிகாசலம் சாரின் பணி நிறைவுப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தபோது, தரகு அஞ்சலாட்சி வீசிய மூன்று கிலோ தர்பூசணி அவர் நெஞ்சு வழியாக உள்ளே போய் முதுகு வழியாக வெளியே வந்து, பந்தலுக்குப் பின்னால் இருந்த கன்னியப்பனின் உரக்கடை ஷட்டரில் மோதிச் சிதறியது. அதில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. சந்தைக் கமிட்டித் தலைவருமான கன்னியப்பன் மட்டும், "நேத்துதான்யா பெயின்ட் அடிச்சேன்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினார்.

தணிகாசலம் சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். ஒரு சொட்டு நனையவில்லை. பொன்னாடை கலையவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் வாய்ப்பக்கம் இழுத்து, பாதியில் நின்ற வாக்கியத்தை, "...முப்பத்துநாலு வருஷத்தில் என் கையில் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்" என்று முடித்து, கைதட்டல் அடங்கிய பிறகுதான் அஞ்சலாட்சியை நிமிர்ந்து பார்த்து, சந்தையில் வழி கேட்பவரிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"யாரம்மா நீ?"

பழம் அவரைத் தொடாமல் போனதைக்கூட அஞ்சலாட்சி பொறுத்திருப்பாள். இந்த இரண்டு வார்த்தைதான் அவள் வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகியது.

அவர் யார் என்று அவளுக்குத் தெரியாதா? பதினாலு வயதில், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். அன்றைக்கு அணுவின் பாடம். கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு, உள்ளே கண்ட கண்ட இடத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி, "தாம்சன் என்ன சொல்றார்? அணுங்கறது ஒரு தர்பூசணி. சிவப்புச் சதை நேர்மின்சாரம். அங்கங்கே சிதறிக் கிடக்குற விதைங்க எலக்ட்ரான்" என்றார் தணிகாசலம் சார். மூன்று தலைமுறையாகத் தர்பூசணி போடுகிற குடும்பத்தின் பெண், கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "சார், விதை அப்படிச் சிதறிக் கிடக்காது சார். நடுவுல விதையே இருக்காது. சுத்தி வளையம் வளையமாத்தான் உக்காந்திருக்கும். அறுத்துப் பாருங்க சார்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் காதுமடல் சிவந்தது. அவர் அறுத்துப் பார்க்கவில்லை. டஸ்டரால் அவள் விரல் முட்டியைப் பதம் பார்த்தார். காலாண்டுத் தேர்வில் அவள் பிடிவாதமாக வளையம் போட்டே படம் வரைந்தாள், அவர் பிடிவாதமாக முட்டை போட்டார். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி நூற்றுக்கு நூறு வரவேண்டுமானால் யார் யாரை இப்போதே கழித்துவிட வேண்டும் என்று வருஷா வருஷம் தயாராகிற பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணுக்குப் படிப்பு ஏறல, வேற எங்கயாவது சேருங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். வேறெங்கே சேர்ப்பது? வயலில்தான் சேர்த்தார் அப்பா.

வயலிலிருந்து வரப்புக்கும், வரப்பிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து தரகுக்கும் அவள் ஏறிவந்த கதை தனிக்கதை. வேலூர்க்காரனையும் பெங்களூர்க்காரனையும் ஒரே மூச்சில் படிய வைக்கிற வாய் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அடிபட்டு அடிபட்டுத் தழும்பு ஏறின வாய். பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன நிறம் என்று சொல்வாள். பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், போன ஐப்பசியில் டீக்கடையில் மசால் போண்டா கட்டிக்கொடுத்த காகிதத்தைப் பிரிக்கிறவரை. அது ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கிழிந்த தாள். ஒரு பக்கம் தாம்சனின் தர்பூசணி. எண்ணெய் ஊறிய அந்தத் தாளைத் திருப்பினால், அடுத்த பக்கத்திலேயே, தாம்சன் சொன்னது செல்லாது, நடுவில் கரு, சுற்றிலும் வட்டப்பாதைகளில்தான் எலக்ட்ரான்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. வளையம் வளையமாக. அடுத்த பக்கம்! அவரிடம் அந்தப் புத்தகம் இருந்தது, அதில் அந்தப் பக்கமும் இருந்தது, அடுத்த வாரம் அவரே அந்தப் பாடத்தையும் நடத்தியிருப்பார், அவள் அதற்குள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நின்றிருந்தாள். போண்டாவைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். விழாவுக்கு வருகிறவர்களுக்குப் பழம் அறுத்துக் கொடுக்கும் வேலையை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததே, நாலு பேர் முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேட்கத்தான். "ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை" என்று காதில் விழுந்ததும் கேள்வி வாயில் வரவில்லை, பழம்தான் கையில் வந்தது.

ஊர் அந்த விஷயத்தை இரண்டு வாரத்தில் செரித்துவிட்டது. வீசினது அவர் வழியாகப் போகும், வைத்தது அவரிடம் நிற்கும் என்பதைச் சேந்தமேடு சட்டென்று பிடித்துக்கொண்டது. இலையில் போட்ட சோறு வயிற்றில் தங்கியது, நாற்காலி தாங்கியது, மழை நனைத்தது, கொசு கடித்தது, ஏனென்றால் கொசுவை யாரும் வீசவில்லை. ஆனால் தெருப்பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து அவர் தொப்புள் வழியாகப் போய் எதிர்வீட்டுக் குடத்தில் விழுந்தது. அவர் மனைவி பட்டம்மாள் ஒரு கோபத்தில் விட்டெறிந்த கரண்டி அவர் கழுத்து வழியாகப் போய் கேலண்டரைக் கிழித்தது. "இந்த மனுஷன் மேல எது சொன்னாலும் ஒட்டாதுன்னு எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும், உங்களுக்குத்தான் இப்பத் தெரியுது" என்று பட்டம்மாள் தண்ணீர்க்குழாயடியில் சொன்னாள். எட்ட நின்று பிரசாதத்தைப் போடுகிற பழக்கமுள்ள கோயில் குருக்கள், சாருக்குப் போட்ட விபூதி கைவழியாகத் தரையில் கொட்டியதும், வேறு வழியில்லாமல் ஒரு பக்தரின் உள்ளங்கையைத் தொட்டு வைத்தார். அந்த ஊரில் அது நடந்ததைத்தான் மூன்று நாள் அதிசயமாகப் பேசினார்கள்.

தணிகாசலம் சாருக்கோ இது தலைக்கு ஏறியது. தினமும் சாயங்காலம் திடலுக்கு வந்து, சுற்றிக் கூடியவர்களுக்கு வகுப்பெடுத்தார். "இதுல ஒரு மாயமும் இல்ல. அணுவுக்குள்ள பெரும்பாலும் வெற்றிடம்தான். இந்தத் திடல் முழுக்க ஒரு அணுன்னா, அதோட கரு நடுவுல ஒரு கடுகு. ரூதர்போர்டு தங்கத் தகட்டு மேல துகளா அடிச்சுப் பார்த்தார். அத்தனையும் ஊடுருவிப் போச்சு. எட்டாயிரத்துல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, கருவுல போய் முட்டி வந்த வழியே திரும்பிச்சு."

கூட்டத்தை இடித்துக்கொண்டு அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். "அப்ப உங்களுக்குள்ளயும் கடுகு மாதிரி ஒண்ணு இருக்கு."

"அறிவியல்படி இருக்கணும்."

"அதுல பட்டா உங்களுக்கு வலிக்கும்."

"படட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"திரும்பி வர்றது யார் மேல விழும்?"

"அனுப்புனவங்க மேல." அவர் சிரித்தார். "அதுக்குத் தைரியம் இருக்கா? அது சரி, யாரம்மா நீ? எத்தனையோ ஆயிரம் பேர் என்கிட்ட படிச்சாங்க. எல்லாரையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

"நான் யாருன்னு உங்க வாயாலயே சொல்லணும். என்னை ஏன் அனுப்புனீங்கன்னும் சொல்லணும். அதான் சார் எனக்கு வேணும்."

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சவால் விடுவது அவருக்குப் பழக்கமான சுகம். "சரி. நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் தினம் இங்க உக்காருறேன். யார் வேணா எறியலாம். எவங்க எறிஞ்சது என் கருவைத் தொடுதோ, அவங்க கேக்குறதுக்கு நான் பதில் சொல்றேன். இது என் வாக்கு."

"எழுதிக்குங்க தலைவரே," என்றாள் அஞ்சலாட்சி கன்னியப்பனிடம். "நாளைக்குப் பேச்சு மாறுவாங்க. படிச்சவங்க."

கமிட்டி கூடி விதி வகுத்தது. கல் கூடாது, ஏரிக்கரைக் காய்ந்த மண்ணாங்கட்டி மட்டும்தான். செருப்பு கூடாது, என்ன இருந்தாலும் வாத்தியார். நாற்காலிக்குப் பின்னால் மண் நிரப்பின சாக்கு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கன்னியப்பனே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார்.

முதல் நாள் அஞ்சலாட்சி மட்டும் எறிந்தாள். இரண்டாம் நாள் பழமூட்டை ஏற்றுகிற இருசப்பன் வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். "என்னையும் ஒம்பதாவதுலதான்க்கா அனுப்புனாரு. எங்கம்மா பீஸ் கட்ட வளையல வித்துட்டு வந்த அன்னைக்கு." மூன்றாம் நாள் பஞ்சர் கடைக்காரர் வந்தார். நாலாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பெண்கள், ஒரே பேருந்தில், ஒருவரை ஒருவர் தெரியாமல், ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். சித்திரை முடிவதற்குள் வரிசை எடைமேடையைத் தாண்டி வேலி வரைக்கும் போனது. வருஷத்துக்கு ஏழு பேர் எட்டு பேர் என்று கழித்த கழிவெல்லாம் முப்பத்துநாலு வருஷத்தின் மூலை முடுக்கிலிருந்து எழுந்து வந்து, மடியில் மண்ணாங்கட்டியோடு நின்றது. தோற்ற பிள்ளை ஒருவர்கூட இல்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல, தோற்கக்கூடியவர்களை அவர் பரீட்சைக்கே விடவில்லை என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது.

மூட்டை எண்ணுகிற முறையிலேயே இருசப்பன் எண்ணினான். ஒன்று என்று சொல்லமாட்டான். "லாபம், ரெண்டு, மூணு..." என்று ராகம் போட்டு இழுப்பான், நூறுக்கு ஒரு கரிக்கோடு எடைமேடைச் சுவரில் விழும். கட்டிகள் அவர் நெற்றி வழியாகப் போயின, கண் வழியாகப் போயின, வாய் வழியாகப் போயின. அவர் அந்த வாயாலேயே கடலை மென்றுகொண்டிருந்தார். சில சமயம் செய்தித்தாள் படித்தார். ஒரு நாள் வரிசையில் இருந்த ஒருத்தி எறியாமல் அழுதுகொண்டே நின்றபோது, "சீக்கிரம் ஆகட்டும்மா, பின்னாடி ஆளு நிக்குறாங்க" என்றார். அன்றைக்கு அஞ்சலாட்சி நூறுக்குப் பதில் நூற்றைம்பது எறிந்தாள். ராத்திரி தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலையில் அதே தோளில் பழக்கூடை தூக்கினாள்.

அவள் எறிந்தது மட்டும் தனியாக எட்டாயிரத்தைத் தொட்ட அன்று சந்தையே திரண்டு நின்றது. எட்டாயிரமாவது கட்டி அவர் இடது விலா வழியாகப் போய்ச் சாக்கில் சொத்தென்று விழுந்தது.

"ஏன் சார், எட்டாயிரம்னீங்களே?"

"சராசரிம்மா. எட்டாயிரத்துலயும் படலாம், எண்பதாயிரத்துலயும் படாம போகலாம். எழுதிக் குடுத்த உறுதியா என்ன?"

"நான் ஒரு லோடுக்கு வாய்வார்த்தையா ஒரு கணக்கு சொன்னா, அதுல நிக்கணும், இல்லன்னா நாளைக்கு ஒரு வியாபாரி என் மூஞ்சில முழிக்கமாட்டான். நீங்க முப்பத்துநாலு வருஷம் இப்படிச் சொல்லியே காலம் தள்ளிட்டீங்க!" அவள் கத்தின கத்தலில் எடைமேடையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின. அவர் கடலைத் தோலை ஊதிவிட்டுக்கொண்டார்.

பழக்காலம் முடிந்தது. வரிசையில் பாதிப்பேர் வேலை வெட்டி என்று போய், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார்கள். திரும்பி வரும் கட்டி தன் கண்ணைக் குத்திவிடுமோ என்று பயந்து சிலர் நின்றே போனார்கள். ஆடி போய் ஆவணி வந்தது, மழையில் மண்ணாங்கட்டி கரையும் என்று அஞ்சலாட்சி முப்பது சாக்குகளில் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாள். "போதும் அஞ்சல, விட்டுடு. ஊர்ல உனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு" என்று கன்னியப்பன் ஒரு நாள் சாந்தமாகச் சொன்னார்.

"மரியாதை நான் சம்பாதிச்சது, தலைவரே. அது எங்கயும் போகாது. இவர்கிட்ட இருக்கிறது என்கிட்டேர்ந்து எடுத்தது."

ஒரு வியாழக்கிழமை. விசேஷமான நாளே இல்லை. தூறல். குடைக்குள் ஏழெட்டுப் பேர் மட்டும் நின்றிருந்தார்கள், இருசப்பன் கொட்டாவியோடு அவள் கணக்கை, "பதினோராயிரத்து நானூத்தி ரெண்டு, மூணு..." என்று இழுத்துக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி அந்தக் கட்டியைக் குறி பார்த்துக்கூட எறியவில்லை. வலது தோள் மரத்திருந்ததால் இடது கையால் எறிந்தாள்.

கட்டி அவர் நெஞ்சுக்குள் போனது, வெளியே வரவில்லை.

கண் இமைக்கிற நேரம்தான். பிறகு, போன வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் அது திரும்பி வந்து அஞ்சலாட்சியின் வாயில் மோதி உடைந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் தெறித்து விழுந்தன. அவள் பின்னால் சாய்ந்து, சேற்றில் ஒரு முழங்கால் ஊன்றி, ரத்தத்தையும் மண்ணையும் சேர்த்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, தணிகாசலம் சார் நாற்காலியிலிருந்து சரிந்து, "அம்மா!" என்று அலறிக்கொண்டிருந்தார். வலது கையால் நெஞ்சின் நடுவிலிருந்து ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி அழுத்திப் பிடித்திருந்தார். அந்த வயதானவர் அப்படி அலறி அந்த ஊர் பார்த்ததில்லை. பட்டம்மாள்கூடப் பார்த்ததில்லை.

"சொல்லுங்க," என்றாள் அஞ்சலாட்சி. வார்த்தை பல்லில்லாத இடத்தில் காற்றாக வந்தது.

அவர் மூச்சு வாங்கினார். "முப்பத்தொண்ணாம் நம்பர். அஞ்சலாட்சி. தகப்பன் பேரு முனுசாமிக் கவுண்டர். மூணாவது பெஞ்ச், ஜன்னலோரம்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"மறந்தாத்தானே வர்றதுக்கு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மேடையில பார்த்ததுமே தெரிஞ்சுது."

"ஏன் அனுப்புனீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில ஒரு பழம் வாங்கிட்டுப் போனேன். குறுக்கால அறுத்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருந்துச்சு, வளையம் வளையமா. நடுவுல ஒரு விதைகூட இல்ல." நெஞ்சை இன்னொரு தடவை நீவிக்கொண்டார். "நாப்பத்தஞ்சு பசங்க சிரிச்சாங்கம்மா. மறுநாள் போய், அவ சொன்னது சரிதான்னு எப்படிச் சொல்றது? நீ அந்த வகுப்புல இருக்குற வரைக்கும் அது என் கண்ணு முன்னாடி உக்காந்துட்டே இருக்கும். அதான்."

இருசப்பன் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து அஞ்சலாட்சியிடம் நீட்டினான். அவள் அதை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் மறந்துபோயிருந்தால் பாதிதான் பாவம் என்று இத்தனை நாள் தன்னையறியாமல் அவருக்கு ஒரு தள்ளுபடி போட்டு வைத்திருந்தாள், அது இப்போது இல்லாமல் போனது. சரியான விடை என்று தெரிந்தே முட்டை போட்டவர் இவர்.

தணிகாசலம் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தொட்டாச்சு. பதிலும் சொல்லியாச்சு. என் வாக்கு முடிஞ்சுது." திடலை விட்டு நடக்கப் போனார்.

"தலைவரே, எழுதினதைப் படிங்க," என்றாள் அஞ்சலாட்சி.

கன்னியப்பன் உரக்கடைக்குள் போய் நோட்டை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்து, மெதுவாகப் படித்தார். "'எவங்க எறிஞ்சது தொடுதோ, அவங்க கேக்குறதுக்குப் பதில்.'" நோட்டை மூடினார். "ஒருத்தர் தொட்டா எல்லார்க்கும் ஆச்சுன்னு இதுல இல்ல சார். நீங்க சொன்னபடிக்கே எழுதினது."

அதற்குள் செய்தி பரவி, மழையைப் பார்க்காமல் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் கிரீஸ் கையோடு வந்தார். வேலி வரைக்கும் வரிசை மறுபடியும் நீண்டது. இருந்தவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. அவர் கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் பெருக்கத் தெரிந்தவர், இருநூறை எட்டாயிரத்தால் பெருக்கிப் பார்த்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"எறிய வேணாம்," என்றார் அவசரமாக. "எல்லாரையும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொருத்தரா வாங்க, பேரு, நம்பர், காரணம், எல்லாம் நானே சொல்லிடறேன். இருசப்பா, நீ பதினேழாம் நம்பர், உன்னை..."

"நிறுத்துங்க சார்!" இருசப்பன் கையை நீட்டி மறித்தான். "உங்க மேல ஒண்ணு படாம அது உங்க வாயிலேர்ந்து சும்மா வந்தா, எனக்கு வேணாம். எங்கம்மா வளையலுக்கு அது காணாது."

தணிகாசலம் சார் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னா இவங்க கேப்பாங்க. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. பள்ளிக்கூட மேடையில நின்னு நான் தப்புன்னு சொல்றேன். பேப்பர்ல போடச் சொல்றேன். எதுன்னாலும் பேசி முடிச்சுக்கலாம்மா."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். எந்தச் சரக்கானாலும், எந்த ஊர்க்காரனானாலும், அஞ்சலாட்சி இறங்கிவந்து படியாத பேரமே அந்தச் சந்தையில் கிடையாது. அவள் துண்டை வாயிலிருந்து எடுத்து, அதில் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்து, மடித்து, மறுபடி வைத்துக்கொண்டாள். தார்ப்பாயை விலக்கி, நனையாத கட்டியாகப் பார்த்து ஒன்று எடுத்து, இருசப்பனின் கையில் வைத்தாள்.

"பேசாம உக்காருங்க சார். இருட்டுறதுக்குள்ள இவன் நூறு எறியணும்."

அவர் உட்கார்ந்தார். இத்தனை மாதமும் கடலை கொறித்துக்கொண்டு கால்மேல் கால் போட்டிருந்த மனிதர், இருசப்பன் கையை ஓங்கியதும், இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெஞ்சின் அந்த இடத்தை இறுக மூடிக்கொண்டார், கைகள் எதையும் தடுக்காது என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றாலும்.